எல்லாக் குழாயிலும் ஒருத்தி

பச்சைமுத்துவின் ரத்தம் ஒரு குழந்தையின் ரத்தம் என்று முடிவு வந்தது.

“ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிட்டியா வெண்மதி?” சென்னை ஆய்வகத்திலிருந்து அனு கேட்டாள். “எழுபதைத் தாண்டின மனுஷன்னு சொன்ன. இங்க ஆறு வயசுன்னு காட்டுது. கொஞ்சம் முன்னபின்ன வரும், சரி. இப்படியா வரும்?”

வெண்மதி சிரித்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சமையலறை ஜன்னலைச் சாத்தப் போனாள். எதிரே செஞ்சியின் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை மெல்ல மெல்லக் கக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சூடும், எங்கோ அரிசி ஆலையில் அவிக்கிற நெல்லின் வாசனையும், திண்டிவனம் ரோட்டு பஸ்களின் ஹாரனும் ஒன்றாகக் கலந்து, வாடகைக்கு எடுத்த இந்த வீட்டுக்குள் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். இயந்திரத்தைச் சரிபார்க்க மகள் நிலாவின் ரத்தத்தையும் ஒரு குழாயில் அனுப்பியிருந்தாள். நிலாவுக்கு ஆறு வயது. அந்த இரண்டும் மாறியிருக்கும்.

“நாளைக்கே மறுபடி எடுத்து அனுப்பறேன்” என்றாள்.

வெண்மதி படித்தது மரபணுவை அல்ல, அதன் மேல் படிகிற குறிகளை. மரபணுவின் எழுத்து மாறாது, எந்த எழுத்தை வாசிக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்று சொல்கிற குறிகள்தான் ஆயுள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும். பசி ஒரு குறி வைக்கும். புகை, பயம், வயது எல்லாமே வைக்கும். அதனால்தான் கொஞ்சம் ரத்தத்தை வைத்தே ஆளின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிட முடிகிறது. செஞ்சியிலிருந்து தளவானூர் போகிற வழியில் இருந்த ஒரு காலனியில், எலும்பும் நரம்புமாக உழைக்கிறவர்களுக்கெல்லாம் இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் வம்சம் அவர்கள். அன்றைய பட்டினி இத்தனை தலைமுறை தாண்டியும் உடம்பில் தங்கியிருக்குமா என்பதற்கு யாரிடமும் உறுதியான பதில் கிடையாது. அதைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள். அவளுடைய பாட்டனார் ரயில்வே வேலை கிடைத்துக் கிளம்பிப் போனதும் அந்தக் காலனியிலிருந்துதான். அவள் வெளியாள் இல்லை.

கணவன் வளவன் சென்னையில் இருந்தான். கோடை விடுமுறை என்பதால் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மறுநாள் பச்சைமுத்துவின் வீட்டுக்குப் போனபோது அவருடைய மகள் ரஞ்சிதம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம்தான் இந்த ஆய்வில் வெண்மதிக்குத் துணை. வீடு வீடாகக் கூட்டிப் போய் ஆட்களைச் சம்மதிக்க வைப்பவள். நாற்பதைத் தாண்டியவள், வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்கு ஏனோ அதிகம் பேசவில்லை.

பக்கவாதத்தில் பச்சைமுத்துவுக்கு வலது கை விழுந்துபோயிருந்தது. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சென்ற முறை பார்த்ததற்கு இப்போது பாதி ஆளாக இருந்தார். கன்னம் உள்ளே ஒட்டி, தாடை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

“நாளு பூரா திங்கிறாரு மேடம்” என்றாள் ரஞ்சிதம், தாழ்ந்த குரலில். “ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. கை விளங்கறப்ப தானா எடுத்துச் சாப்ட்டாரு, நல்லாதான் இருந்தாரு. ஊட்ட ஆரம்பிச்சதுலேந்துதான் இப்டி.”

“ஊட்டறதுக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?”

ரஞ்சிதம் அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.

வெண்மதி இடது கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினாள். ரத்தம் குழாயில் ஏறுகிற அந்தச் சில நொடிகளில், மென்று விழுங்குகிற சத்தம் அவள் காதருகே கேட்டது. சோறு நாக்கில் புரள்கிற ஈரச் சத்தம், பல் அரைபடுகிற சத்தம், தொண்டை இறங்குகிற சத்தம். வயதானவர், அப்படித்தான் மெல்லுவார் என்று நினைத்து நிமிர்ந்தாள். பச்சைமுத்துவின் வாய் மூடியிருந்தது. தாடை அசையவில்லை. சத்தம் மட்டும் இன்னும் ஒரு முறை கேட்டு, நின்றது.

கிழவர் ரஞ்சிதத்தின் மடியருகே, ஆளில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு” என்றார், குழறலாக. “அவளுக்கு... ஒரு வாய்.”

“யாருக்கு நைனா?” என்று வெண்மதி கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரஞ்சிதம் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டாள். மூளையில் அடைப்பு வந்தவர்கள் இப்படிப் பேசுவது சகஜம்தான் என்று வெண்மதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குழாயைக் குலுக்கினாள். திரும்பி வரும்போது தெருவைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்ததுதான், ஆனால் கவனித்ததில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் சுவரில் முதுகை ஒட்டி, ஒரு கையால் தட்டை மறைத்து, தானாக எடுத்து. இப்போதுதான் உட்காரப் பழகிய ஒரு குழந்தைகூட முகமெல்லாம் சோறாகத் தானே அள்ளிக்கொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நிலா இளைத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் என்று நினைத்தாள் வெண்மதி. அப்புறம் இடுப்பு பெல்ட் கடைசி ஓட்டையிலும் நிற்காமல் நழுவியபோது பயந்தாள். நோயைப் பற்றியே படிக்கிறவளுக்கு முதலில் வருவது அந்தப் பயம்தான். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். சரியாக இருந்தது. செஞ்சியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினாள். பூச்சி மருந்து எழுதிக்கொடுத்தார், நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள் என்றார். நிலா தட்டில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கியது. அதனால் வெண்மதி ஊட்டினாள். பருப்புச் சோறும் நெய்யுமாகப் பிசைந்து, ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, கோட்டைமேல் ஏறுகிற குரங்குகளைக் காட்டி, காலையும் மாலையும் ஊட்டினாள்.

தட்டு காலியாகும். அதுதான் விநோதம். தட்டு ஒவ்வொரு முறையும் சுத்தமாகக் காலியானது.

ஒரு சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்தவளிடம் நிலா சொன்னாள்.

“பசிக்குதும்மா.”

“இப்பத்தானேடி சாப்ட்ட?”

“நீ எனக்கு ஊட்டவே இல்ல.”

வெண்மதி நின்றாள்.

“நான் பாத்துட்டுதான் இருந்தேன்” என்றாள் நிலா. கோபமில்லை, அழுகையில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

வெண்மதி குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு உலர்ந்து வெள்ளையாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை, நெய்ப் பிசுக்கு இல்லை. தன் விரல்களைப் பார்த்தாள். கழுவிய பிறகும் அந்த விரல்களில் ஒரு வாசனை இருந்தது. பருப்பும் நெய்யும் இல்லை. ஈரமே அறியாத மண்ணின் வாசனை. அதோடு, பஞ்ச காலத்தில் ஜனங்கள் தின்ற, வறுத்து இடித்த புளியங்கொட்டையின் வாசனை. அவள் வாழ்க்கையில் புளியங்கொட்டையைத் தின்றதில்லை. ஆனாலும் மூக்கில் அது ஏறியதும் நாக்கின் அடியில் எச்சில் ஊறி, பிடரி மயிர் சிலிர்த்து, ஓடு, ஓடு என்று உடம்பு அவளைக் கேட்காமலே சொன்னது.

அனு மறுபடி அழைத்தபோது நிலா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வெண்மதி, ஸ்டிக்கர் மாறல.” அனுவின் குரலில் கேலி இல்லை. “அந்தப் பெரியவர் குழாய்ல ரெண்டு ஆளோட ரத்தம் இருக்குது. அவரோடது கம்மி. இன்னொண்ணுதான் ஜாஸ்தி. சரி, கலப்படம்னு மத்த குழாயையும் எடுத்துப் பாத்தேன். அந்தக் காலனியிலேந்து வந்த எல்லாத்துலயும் ரெண்டு பேர் இருக்காங்க. சிலதுல கண்டுபிடிக்கவே முடியாத அளவு கொஞ்சம். ஆனா இருக்குது.”

“ரெண்டு ரெண்டு பேரா?”

“இல்ல. ரெண்டாவது ஆள் எல்லாத்துலயும் ஒரே ஆள்.”

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“ஒரு பொண்ணு” என்றாள் அனு. “ஆறு வயசு இருக்கும். அந்தக் காலனில எல்லாருக்கும் சொந்தம், அம்மா வழில. பசியோட குறி அவ்ளோ அழுத்தமா நான் எந்த ரத்தத்துலயும் பாத்ததில்ல. இரு, இன்னொண்ணு. நிலா குழாய்லயும்...”

“எவ்ளோ?”

“பாதிக்குப் பாதி.”

*

பச்சைமுத்து இறந்த செய்தி காலையில் வந்தது. நிலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வெண்மதி போனாள். சவத்தை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தாடையை இழுத்துக் கட்டியிருந்த நாடிக்கட்டுக்கு மேலே உதடுகள் கொஞ்சமே திறந்திருந்தன. கிடந்தது ஒரு மனிதன் போலவே இல்லை. காய்ந்த சுள்ளிகளை வேட்டியில் சுற்றி வைத்தது போலிருந்தது. வாய்க்கரிசி போட உறவுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வெண்மதியும் உறவுதானே என்று யாரோ அவளையும் வரிசையில் நிறுத்தினார்கள். அரிசி கையில் சில்லென்று இருந்தது. முன்னால் நின்றவள் குனிந்து உதட்டில் போட்டாள், நகர்ந்தாள். அடுத்தவள் போட்டாள், நகர்ந்தாள்.

அவள் முறை வந்தது. குனிந்தாள்.

அந்த வாயில் அரிசி இல்லை. இத்தனை பெண்கள் போட்ட அரிசியில் ஒரு மணிகூட இல்லை. உதட்டில் இல்லை, கட்டின் மடிப்பில் இல்லை, தரையில் இல்லை. நாடிக்கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. கட்டுக்குக் கீழே, தொண்டைக் குழியில், தோல் மெல்ல ஒருமுறை ஏறி இறங்கியது.

கையிலிருந்த அரிசியை மண்ணில் உதறிவிட்டு வெளியே ஓடிவந்தாள். ரஞ்சிதம் பின்னாலேயே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுது அழுது வீங்கிய முகம். ஆனால் பிடி இரும்பு போல இருந்தது.

“பாத்துட்ட இல்ல?” என்றாள். மேடம் என்று கூப்பிடவில்லை.

“அது இன்னாக்கா?”

“தெரியாது. சத்தியமா தெரியாது. எங்க யாருக்கும் தெரியாது. புள்ளைக்குக் கையால ஊட்டாத, அவ்ளோதான் எங்களுக்குச் சொல்லி வுட்டாங்க. தானா எடுத்துத் தின்னட்டும். ஊட்டற கைய அது பழகிக்கும்.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “நைனாவுக்குக் கை வுழுந்து போச்சி. நான் இன்னா பண்ணுவேன்? பட்டினியா போட முடியுமா? பெத்த அப்பன்.”

“அக்கா, நான் நிலாவுக்கு...”

ரஞ்சிதம் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டாள். சுட்டது போல விட்டாள்.

“ஊட்டினியா?”

வெண்மதி தலையசைத்தாள்.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் சொன்னாள். “போயிடு கண்ணு. இந்த ஊர வுட்டுப் போயிடு. போற வரைக்கும் கைய மடக்கி வெச்சிக்கோ. அது கேட்கும். உம் புள்ள மாதிரியே கேட்கும்.”

*

வளவனுக்கு போன் செய்து உடனே காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். நிலாவுக்கு முடியவில்லை என்றாள். அது பொய்யில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கிவந்தபோது குழந்தைக்குக் கனமே இல்லை. இடுப்பில் வைத்தால் எலும்பு குத்தியது.

பையைக் கட்டினாள். குழந்தையின் துணி, மருந்து, லேப்டாப். நிலாவைக் கூடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார வைத்து, முன்னால் தட்டில் தயிர்ச்சோறு வைத்தாள். நீயே சாப்பிடு என்றாள். நிலா ஒரு பிடி எடுத்தாள். வாய்க்குப் போவதற்குள் பாதி கொட்டியது. மீதி பாதி உள்ளே போனது. வெண்மதி அந்த ஒரு விழுங்கலைப் பார்த்து அழுதாள்.

அப்புறம் மழை பிடித்தது. கோடை மழை. கோட்டைப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு காற்று வந்தது, ஓட்டின் மேல் சரளை விழுவது போலத் துளிகள் விழுந்தன, தெருக்கோடியில் எங்கோ ஒரு தகரம் கழன்று கழன்று அடித்தது, ஜன்னல் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்துகொண்டன. அவற்றைச் சாத்த அவள் உள்ளறைக்கு ஓடினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இழுத்துப் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. வாசல் கதவும் ஒருமுறை திறந்து, அறைந்து சாத்திக்கொண்டது.

பொழுது இன்னும் முழுதாகச் சாயவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருட்டாகிவிட்டது.

“நிலா?”

“அம்மா.”

கூடத்திலிருந்து குரல் வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். சின்ன உடம்பு நகர்ந்து வந்து அவள் மடியில் ஏறியது. கனமில்லை. எலும்பு குத்தியது. அணைத்துக்கொண்டாள்.

“அப்பா வந்துருவாருடி. போயிடலாம்.”

“பசிக்குது.”

“நீயே எடுத்துச் சாப்டு. தட்டு இங்கதான் இருக்குது.”

“கை வரல.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பசிக்குதும்மா. ரொம்பப் பசிக்குது. ஒரே ஒரு வாய்.”

கையை மடக்கி வைத்துக்கொண்டாள். நகம் உள்ளங்கையில் பதிந்தது. ரஞ்சிதம் சொன்னது காதில் இருந்தது. மடியில் குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் மூச்சுக்கு விரிந்து சுருங்கியது. இது நிலா. நிலாவின் குரல். தன் குழந்தையைத் தனக்குத் தெரியாதா? ஒரு வாய் சோறில்லாமல் இந்த இருட்டில் இவள் அடங்கிப்போனால்? பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாளா?

விரல்கள் தாமாக விரிந்தன.

தட்டைத் தேடினாள். பிசைந்தாள். உருட்டினாள். வாயைத் தேடி நீட்டினாள்.

வாய் காத்திருந்தது.

உதடு குளிர்ந்திருந்தது. மழைச் சாரல் பட்டிருக்கும். விழுங்கினாள். இன்னொரு வாய். விழுங்கினாள். மெல்லவே இல்லை. இன்னொரு வாய். கை வேகம் பிடித்தது. பிசைய, உருட்ட, நீட்ட. பிசைய, உருட்ட, நீட்ட. தட்டில் சோறு குறையவில்லையா, குறைந்ததா, தெரியவில்லை. மண் வாசனை. மழை மண் இல்லை. காய்ந்த மண்.

வெளியே கார் சத்தம். கேட் திறக்கிற சத்தம். வளவனின் குரல், மழையைத் தாண்டி, கோபமாக.

“வெண்மதி! அறிவு இருக்குதா உனக்கு? கொழந்தைய ஏன் மழைல வெளிய நிக்க வெச்ச?”

கதவைத் தள்ளித் திறந்து வாசற்படியில் அவன் நின்றான். தோளில் நிலா. நனைந்து, தலை தொங்கி, உதடு நீலமாக.

“கேட்டைப் பிடிச்சிட்டு நின்னுட்டிருந்தா. கூப்ட கூப்ட நீ கதவைத் தொறக்கலையாம். உள்ள நீ வேற பாப்பாவுக்கு ஊட்டிட்டிருக்கன்னு இவ...”

நிறுத்தினான்.

காரின் முன்விளக்கு அவனுக்குப் பின்னாலிருந்து கூடம் முழுக்க விழுந்தது. வெண்மதி குனிந்து பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக்கினாள். கண் கேட்கவில்லை.

மடியில் திறந்திருந்த வாய் தெரிந்தது. பால் பற்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய பால் பற்கள், ஒவ்வொன்றும் ஈறு வரை தேய்ந்து மழுங்கி, உமியையும் கொட்டையையும் மண்ணையும் மென்று மென்று கறுத்துப்போனவை. அவற்றுக்குப் பின்னால் நாக்கு இல்லை. தொண்டைதான். இருட்டாக, ஆழமாக, காத்துக்கொண்டு.

“மடில யாரு?” என்றான் வளவன். “வெண்மதி. யாரது?”

அவன் தோளில் நிலா கண் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெண்மதியின் கை தட்டுக்குப் போனது. பிசைந்தது. உருட்டியது.